சந்துக்குள் மதுக்கூடம் வைத்தது யார்?

மெல்போர்ன் நகர மையத்தில், குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஏதாவது ஒரு சந்துக்குள் திரும்பினால், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கதவுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் உட்காரக்கூடிய காக்டெய்ல் பார் இருக்கும். சுற்றுலாக் கையேடுகள் இதை அந்த நகரத்தின் பிறவிக்குணம் என்றே எழுதுகின்றன. ஐரோப்பிய ரசனை, கலைஞர்களின் ஊர், மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்காரும் பழக்கம் என்று அதற்குக் காரணங்களும் சொல்லப்படுகின்றன. ஆனால் 1980-ல் அதே சந்துகளில் அப்படிப்பட்ட ஒரு பார்கூட இல்லை. மழை அன்றும் பெய்தது. கலைஞர்கள் அன்றும் இருந்தார்கள். ஒரு நகரத்தின் குணம் பதினைந்து இருபது ஆண்டுகளில் முளைத்துவிடாது, சட்டம் முளைக்கும். சிறிய மதுக்கூடம் என்பது நகரவாசிகளின் ரசனையிலிருந்து தானாக மலர்ந்ததல்ல என்பதும், அதன் பருமனையும், ஓரளவுக்கு அங்கே ஊற்றப்படும் பானத்தையும் உரிமச் சட்டமே தீர்மானித்தது என்பதும் என் வாதம். ஆஸ்திரேலிய நகரங்கள் இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பானவை. ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே மக்கள், ஒரே மதுபானங்கள். மதுச் சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

ரசனை இல்லாததால்தான் பார் இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டே சாட்சி. 1851-ல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் கலிஃபோர்னியாவிலிருந்து ஏராளமான அமெரிக்கர்கள் மெல்போர்னில் வந்து இறங்கினார்கள். கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன காப் அண்ட் கோ நிறுவனத்தை 1853-ல் தொடங்கியவர்கள் அமெரிக்கர்களே. காலின்ஸ் தெருவின் கிரைட்டீரியன் ஹோட்டல் அமெரிக்கர்களின் கூடாரமாகவே இருந்தது. அவர்களோடு காக்டெய்லும் ஜூலெப்பும் வந்தன. அவற்றுக்கு வேண்டிய பனிக்கட்டி பாஸ்டன் பகுதியின் உறைந்த ஏரிகளிலிருந்து அறுக்கப்பட்டு, மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸைக் கட்டவைத்தது இதே வணிகம்தான்; இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் அந்தக் கட்டடத்துக்கும் மெல்போர்ன் பார்களுக்கும் இருக்கும் உறவு வெறும் ஒப்புமையல்ல, ஒரே சரக்கு. இறக்குமதிப் பனிக்கட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மெல்போர்னுக்கு அருகிலுள்ள ஜீலாங்கில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகையாளர் 1850-களிலேயே பனிக்கட்டி செய்யும் எந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். ஆக, பானம் தெரிந்திருந்தது, பனிக்கட்டி இருந்தது, கையில் காசும் இருந்தது. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த நகரம் பெரிய கிளாஸ்களில் பீர் குடிக்கும் நகரமாக மாறிப்போனது ஏன் என்பதே விளக்கம் கேட்கும் கேள்வி.

விளக்கம் மதுவிலக்கு இயக்கத்திலிருந்து தொடங்குகிறது. திருச்சபைகளும் கிறித்தவ மாதர் சங்கங்களும் மதுவை முழுதாக ஒழிக்கக் கேட்டன. அரசுகள் கொடுத்ததெல்லாம் குறைப்பு. மது விற்க ஹோட்டல் உரிமம் வேண்டும், அதைப் பெறத் தங்கும் அறைகளோடு கூடிய கட்டடம் வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. விக்டோரியாவில் 1907 முதல் இயங்கிய உரிமக் குறைப்பு வாரியம் பத்தாண்டுகளுக்குள் ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் ஹோட்டல்களை மூடியது. யாரை மூடினார்கள் என்பது முக்கியம். இடம் குறைவாக இருந்த, அறைகள் மோசமாக இருந்த, தெருமுனைச் சிறுகடைகளே பெரும்பாலும் முதலில் போயின. பிழைத்தவை பெரியவை, போட்டி குறைந்ததால் அவை இன்னும் பெரிதாயின. 1920-ல் மெல்போர்னின் கிழக்குப் புறநகரான கேம்பர்வெல் பகுதியில் மக்களே வாக்களித்து ஹோட்டல்களை மூடிக்கொண்டார்கள். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், அங்கே யாராவது மது உரிமம் கேட்டால் சுற்றுவட்டார வாக்காளர்களிடம் தேர்தல் நடத்த வேண்டியிருந்தது. கேம்பர்வெல் வசதியானவர்களும் படித்தவர்களும் வாழும் பகுதி. ரசனைதான் மதுக்கூடத்தை உண்டாக்கும் என்றால் அங்கேதான் முதலில் உண்டாகியிருக்க வேண்டும்.

இதற்கிடையே முதல் உலகப் போர் வந்தது. படைவீரர்கள் தியாகம் செய்யும்போது ஊரில் இருப்பவர்கள் இரவெல்லாம் குடிப்பதா என்ற கேள்விக்கு அரசியல்வாதிகளிடம் பதில் இல்லை. 1916 பிப்ரவரியில் சிட்னி அருகே லிவர்பூல், கஸூலா முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் பயிற்சி நேரத்தை எதிர்த்து வெளியேறி, ஹோட்டல்களைச் சூறையாடி, ரயிலேறி சிட்னிக்குள்ளும் வந்து கலகம் செய்தார்கள். மத்திய ரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு வீரர் இறந்தார். நான்கே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் மக்கள் பொதுவாக்கெடுப்பில் மாலை ஆறு மணிக்கு மதுக்கூடங்களை மூடச் சொன்னார்கள். தெற்கு ஆஸ்திரேலியா முந்திக்கொண்டிருந்தது. விக்டோரியாவில் சட்டமன்றமே அதே ஆண்டில் முடிவெடுத்தது. போர்க்கால ஏற்பாடு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். சிட்னியில் அது 1955 வரை நீடித்தது, மெல்போர்னில் 1966 வரை. தற்காலிகம் என்று எந்த அரசாவது சொன்னால் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த ஆறு மணிச் சட்டம் கட்டடத்தை என்ன செய்தது என்பதில்தான் என் வாதத்தின் கனம் இருக்கிறது. தொழிலாளிக்கு வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. குடிக்க ஒரு மணி நேரம். ஒரு நாள் வியாபாரம் முழுவதையும் அந்த ஒரு மணி நேரத்தில் முடித்தாக வேண்டிய உரிமையாளர் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார், பில்லியர்ட்ஸ் மேசைகளை எடுத்தார், சுவர்களை இடித்து அறைகளை ஒன்றாக்கினார், பரிமாறும் மேடையை முடிந்தவரை நீட்டினார். சுவருக்கு ஓடு பதித்தார்; கூட்டம் போனபின் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ அதுதான் வசதி. கிளாஸ்களை எடுத்து வந்து ஊற்றி முடியாது என்பதால், நீண்ட ரப்பர் குழாயின் முனையில் துப்பாக்கி விசை போன்ற திருகை மாட்டி, வாடிக்கையாளர் நீட்டிய கிளாஸிலேயே பீரை நிரப்பினார்கள். ஜான் பிராக் 1954-ல் வரைந்த ‘தி பார்’ ஓவியம் இந்த மெல்போர்னைத்தான் காட்டுகிறது: பரிமாறும் பெண்ணுக்குப் பின்னே பழுப்பு நிறத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஆண்கள், யார் முகத்திலும் களிப்பு இல்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு காக்டெய்ல் கலக்க யாருக்கு நேரம்? மார்ட்டினியைக் கிளறும் நேரத்தில் ஒரு டஜன் பீர் போய்விடும். பெண்கள் பொது பாருக்குள் வரவே கூடாது. அவர்களுக்குத் தனி அறை. பிரிஸ்பேனில் 1965-ல் இரண்டு பெண்கள் ரெகாட்டா ஹோட்டலின் பாரில் கால்தாங்கியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு இதை எதிர்க்க வேண்டியிருந்தது. ஆண்கள் மட்டும், நின்றபடி, அவசரமாக, பீர் மட்டும் குடிப்பது ஆஸ்திரேலியப் பண்பாடு என்று பிற்காலத்தில் பெருமையாகவும் கேலியாகவும் பேசப்பட்டது. அதில் பெரும்பகுதி ஒரு கடிகாரச் சட்டத்தின் விளைவு.

ஆறு மணி பத்து மணியானதும் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. மெல்போர்னில் ஒலிம்பிக் நடக்கவிருந்த 1956-ல்கூட விக்டோரியா வாக்காளர்கள் நீட்டிப்பை நிராகரித்தார்கள். மதுச் சட்டத்தை ஆராய்ந்த ஃபிலிப்ஸ் விசாரணை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகே 1966-ல் நேரம் நீண்டது. ஆனால் உரிமக் கட்டமைப்பு அப்படியே இருந்தது. மது மட்டும் பரிமாற வேண்டுமென்றால் ஹோட்டல் உரிமம். உணவகம் என்றால் சாப்பாட்டோடு மட்டுமே மது. நடுவில் ஒன்றும் கிடையாது. புதிய ஹோட்டல் உரிமம் கேட்டால், ஏற்கெனவே இருக்கும் ஹோட்டல்காரர்கள் வந்து ‘இங்கே தேவை இல்லை’ என்று ஆட்சேபிக்கலாம். பல ஹோட்டல்கள் பீர் ஆலைகளுக்குக் கட்டுப்பட்டவை; 1907-ல் பல ஆலைகள் இணைந்து உருவான கார்ல்டன் அண்ட் யுனைட்டட் தன் பீரை ஊற்றும் குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டது, ஜின் புட்டிகளை அல்ல. நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் மட்டும் பாரைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை அரசுக் கடைக்கு அடுத்த கொட்டகைக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வகை வெற்றிடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வெற்றிடத்தைத் திறந்தவர் பார் நடத்துகிறவர் அல்ல, ஒரு பொருளாதார அறிஞர். விக்டோரியாவின் ஜான் கெய்ன் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் நியூவென்ஹைசன் 1986-ல் தந்த அறிக்கை, மதுச் சட்டம் குடிப்பழக்கத்தைக் கட்டுப்படுத்துவதைவிட ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களைப் பாதுகாப்பதையே அதிகம் செய்கிறது என்ற திசையில் வாதிட்டது; ஐரோப்பாவில் போலச் சிறிய இடங்களில், உணவோடும் உணவின்றியும், நாகரிகமாகக் குடிக்க வழி விடச் சொன்னது. 1987-ல் வந்த சட்டம் கதவைத் திறந்தது, தொண்ணூறுகளின் திருத்தங்கள் அதை அகலமாக்கின. அந்தச் சமயத்தில் நகர மையமும் தயாராக இருந்தது. 1837-ல் ராபர்ட் ஹாடல் போட்ட கட்டத் திட்டத்தில் முப்பது மீட்டர் அகலப் பெருந்தெருக்களும், அவற்றின் மனைகளுக்குக் கொல்லைப்புற வழியாகப் பத்து மீட்டர் சிறுதெருக்களும் இருந்தன. மனைகள் துண்டாகத் துண்டாக இடையில் சந்துகள் பெருகின. சரக்கும் கழிவும் போய்வந்த வழிகள் அவை. 1990-ஐ ஒட்டிய நிலச் சந்தைச் சரிவில் அலுவலகக் கட்டடங்கள் காலியாகிக் கிடந்தன. நகராட்சி 1992-ல் ‘போஸ்ட்கோட் 3000’ என்ற திட்டத்தைத் தொடங்கி மையத்தில் மக்களைக் குடியேற்ற முயன்றது. 1994-ல் சிக்ஸ் டிகிரீஸ் என்ற கட்டடக் கலைஞர் குழு மேயர்ஸ் பிளேஸ் என்ற சந்தில், பழைய பொருட்களை வைத்தே ஒரு பார் கட்டித் திறந்தது. 1997-ல் ரஸல் பிளேஸில் ஜின் பேலஸ் வந்தது. மார்ட்டினிக்காகவே ஒரு நகரத்தின் மக்கள் சந்துக்குள் இறங்கிப் போகத் தொடங்கினார்கள். பின்னர் ஃபிட்ஸ்ராய், பிரன்ஸ்விக் போன்ற குடியிருப்புப் பகுதிகளின் கடைத்தெருக்களுக்கும் அந்த வடிவம் நடந்து போனது.

இங்கே ஒரு சிறு கணக்கு. பீர் வியாபாரம் அளவில் நிற்கும் வியாபாரம்: பீப்பாய்களுக்குக் குளிர் அறை வேண்டும், குழாய்கள் வேண்டும், ஆலையோடு ஒப்பந்தம் வேண்டும், இவ்வளவையும் தாங்க நூற்றுக்கணக்கான வயிறுகள் வேண்டும். நாற்பது பேர் உட்காரும் அறையில் அந்தக் கணக்கு நிற்காது. ஐம்பது அறுபது புட்டிகளும் ஒரு பனிக்கட்டி எந்திரமும் கை கழுவும் தொட்டியும் வைக்க ஒரு அலமாரி அளவு இடம் போதும். கலக்கும் ஆளின் கைத்திறன்தான் விலையாகிறது. வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் ஒரே கிளாஸோடு உட்கார்ந்தாலும் இருக்கைக்கு வருமானம் வருகிறது. சிறிய பார் காக்டெய்லைத் தேர்ந்தெடுத்தது நாகரிகத்தால் மட்டுமல்ல; சட்டம் கொடுத்த அறையின் அளவுக்குப் பொருந்திய பானம் அது.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, பண்பாட்டு வாதம்: போருக்குப்பின் வந்த இத்தாலியர்களும் கிரேக்கர்களும்தான் மெல்போர்னுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்பது. எஸ்பிரஸோவுக்கு இது பொருந்தும், பாருக்குப் பொருந்தாது. அவர்கள் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டார்கள், சிட்னிக்கும் வந்தார்கள். காபிக் கடைகளுக்கு மது உரிமம் தேவைப்படவில்லை. ஆகவே அவை உடனே முளைத்தன. பார்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தன. பழக்கம் விதை என்றே ஒப்புக்கொள்வோம். முளைக்கும் தேதியை அது தீர்மானிக்கவில்லை. சிட்னியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 2007 வரைக்கும் மது மட்டும் பரிமாறும் சிறிய இடத்துக்கு உரிமம் பெறுவதென்றால் பல்லாயிரம் டாலரும் நீண்ட விசாரணையும். பப்புகளிடம் 1997 முதல் சூதாட்ட எந்திரங்கள் இருந்தன. ஒவ்வொரு உரிமத்துக்கும் அதனாலேயே விலை ஏறியிருந்தது. மேயரும் சட்டமன்ற உறுப்பினருமான கிளோவர் மூர் மெல்போர்ன் மாதிரியைக் காட்டி மசோதா கொண்டுவந்தபோது, ஹோட்டல் உரிமையாளர் சங்கத் தலைவர் சொன்ன பதில் ஆஸ்திரேலிய அரசியலில் பேர்பெற்றுவிட்டது: ஒரு பொந்துக்குள் உட்கார்ந்து ஷார்டொனே குடித்துப் புத்தகம் படிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு விருப்பம் இல்லை என்ற பொருளில் அவர் பேசினார். பண்பாட்டு வாதத்தின் மிகத் தெளிவான வடிவம் அதுவே, அதை எடுத்துவைத்தவர் போட்டியால் நஷ்டப்படக்கூடியவர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 2008 ஜூலை முதல் விண்ணப்பக் கட்டணம் 500 டாலரானது. விருப்பமில்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட சிட்னிக்காரர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஷேடி பைன்ஸ் சலூன், பாக்ஸ்டர் இன் போன்ற நிலவறைகளின் வாசலில் வரிசை கட்டினார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: சட்டம் அல்ல, மலிவான வாடகைதான் காரணம், மெல்போர்னின் அதிர்ஷ்டம் 1990-ன் சரிவு. இதில் பாதி உண்மை இருக்கிறது. காலிக் கட்டடம் இல்லாமல் மேயர்ஸ் பிளேஸ் இல்லை. ஆனால் சிட்னியின் வாடகை 2008-ல் மலிவாக இல்லை, அங்கேயும் பார்கள் வந்தன. பெர்த் இன்னும் நல்ல சோதனை. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வளம் கொழித்த காலம் அது, வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அங்கே பப்புகளில் சூதாட்ட எந்திரமே கிடையாது, ஆகவே எந்திரம்தான் தடையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 120 பேருக்கு மிகாத சிறிய பார் என்ற உரிமம் 2007-ல் வந்தபின்தான் அந்நகரத்தில் சிறிய பார்கள் தலையெடுத்தன. அடிலெய்டில் அதே 120 பேர் அளவுள்ள உரிமம் 2013-ல் நகர மையத்துக்கு மட்டும் வந்தது. பீல் தெருவும் லீ தெருவும் அதன்பிறகே இரவில் விழித்திருந்தன. நான்கு நகரங்கள், நான்கு பொருளாதார நிலைமைகள், நான்கு தேதிகள். ஒவ்வொன்றிலும் பார் சட்டத்துக்குப் பின்னால் வருகிறது. வாடகை வேகத்தைக் கூட்டும், குறைக்கும், வரிசையை மாற்றவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. உரிமத்தைத் தளர்த்தினால் குடியும் வன்முறையும் பெருகும் என்பது மதுவிலக்குக்காரர்களின் பழைய வாதம் மட்டுமல்ல. விக்டோரியாவில் 1986-ல் சுமார் 4,000 இருந்த உரிமங்கள் கால் நூற்றாண்டில் பல மடங்காயின. அஞ்சல் குறியீடு வாரியாக ஆய்வாளர் மைக்கேல் லிவிங்ஸ்டன் செய்த ஆய்வுகள் கடைகளின் நெருக்கத்துக்கும் தாக்குதல் எண்ணிக்கைக்கும் தொடர்பைக் காட்டின. 2008-ல் விக்டோரியா அரசே பதறிப்போய் இரவு இரண்டு மணிக்குமேல் உள்ளே விடாத தடையை மூன்று மாதம் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. ஆனால் அந்த ஆய்வுகளில் தாக்குதலோடு மிக வலுவாக ஒட்டி நின்றவை பப் வகை உரிமங்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது என்றே சொல்லலாம். கிங்ஸ் கிராஸ் பகுதியில் இரண்டு இளைஞர்கள் தாக்கப்பட்டு இறந்ததையடுத்து 2014 பிப்ரவரியில் அது ஒன்றரை மணிக்கு நுழைவுத் தடையும் மூன்று மணிக்கு மது நிறுத்தமும் கொண்டுவந்தபோது, முந்தைய ஆண்டுதான் தனி வகையாக்கப்பட்டிருந்த அறுபது பேர் அளவுள்ள சிறிய பார்களுக்கு விலக்கு அளித்தது. அரசின் பார்வையில் அளவே ஆபத்தின் அளவுகோலாகியிருந்தது. அந்த அறுபது 2016-ல் நூறானது, பின்னர் 120. எந்தச் சமூகவியல் ஆய்விலும் இந்த எண்கள் பிறக்கவில்லை. ஒரு மேசையில் பேரம் பேசப்பட்டவை. இருந்தும் அந்த எண்ணுக்கேற்பத்தான் சிட்னியில் சுவர்கள் எழும்புகின்றன.

கடைசியாக, இது யாருக்கான அக்கம்பக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் முழுதாக இணங்குகிறேன். மெல்போர்னிலோ சிட்னியிலோ ஒரு காக்டெய்லுக்கு இருபது டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழியைக் கூட்டரசின் வரிமேல் போடுவது வழக்கம். 1983 முதல் ஆண்டுக்கு இருமுறை விலைவாசியோடு உயரும் அந்தச் சாராய வரி, தூய மதுசாரம் லிட்டருக்கு 2023-ல் 100 டாலரைத் தாண்டியது. ஆனால் நாற்பது சதவீத ஜின் அறுபது மில்லிலிட்டர் போகும் ஒரு கிளாஸில் அந்த வரி ஏறத்தாழ இரண்டரை டாலர்தான். மீதியில் பெரும்பகுதி வாடகையும் கூலியும். அவற்றை அறுபது இருக்கைகளால் வகுத்தால் வரும் விலை அது. நியூ சவுத் வேல்ஸில் சிறிய பார் உரிமம் உள்ளவர் சூதாட்ட எந்திரம் வைக்கக் கூடாது. தெருமுனைப் பப்புக்கு அது உண்டு. அங்கே பீர் மலிவாகக் கிடைப்பதற்கு, பக்கத்து அறையில் எந்திரத்தின் முன் பணத்தை இழந்துகொண்டிருக்கும் அதே பகுதிவாசிகளும் ஒரு காரணம். 2007-ல் சிட்னியில் நடந்த பேரத்தில் சந்துகள் ஒருவருக்குக் கிடைத்தன, எந்திரங்கள் இன்னொருவரிடமே தங்கின.